17 தலைப்பும் ஒரு பள்ளியும்

அன்புள்ள மூணாம் பெஞ்சுக்கு,

திட்டாதே. நீ கேட்டு மூன்று மாதம் ஆகிறது, தெரியும். "எந்தப் பள்ளி, எப்படித் தேடினீங்க, விவரமா எழுதுடி" என்று நீ கேட்ட அன்றைக்கே பாதிக் கடிதம் எழுதிவிட்டேன், அப்புறம் அனுப்பவில்லை. வேலை அதிகம் என்று வேறு யாரிடமாவது சொல்லலாம், உன்னிடம் செல்லாது. வெட்கம்தான் காரணம். அந்தப் பாதிக் கடிதம் முழுக்க நாங்கள் பிடித்த பள்ளியைப் பற்றி ஒரே பெருமை. போன வாரம் மகளை அங்கிருந்து எடுத்து வேறு பள்ளியில் சேர்த்துவிட்டோம்.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. என் வீட்டுக்காரர், அதாவது நீ அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இன்னும் ஆறு அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை, கேட்டால் அடுத்த மாற்றலுக்கு உதவும் என்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாற்றல் உத்தரவு வந்ததும் மனுஷன் வழக்கம்போல எக்செல்லைத் திறந்தார். 17 தலைப்பு. தேர்ச்சி விகிதம், தரவரிசை, ஆய்வகம், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர், நீச்சல்குளம் (இவளுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது, நீ பார்த்திருக்கிறாயே), இப்படி. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், பச்சை மஞ்சள் சிவப்பு என்று நிறம் வேறு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தேன், மறைப்பானேன். பச்சை அதிகம் வந்த பள்ளியைப் பார்க்கப் போனோம். சேர்க்கையைக் கவனிக்கிற அம்மா 40 நிமிஷம் என்னிடமே பேசினார். இவளிடம் கேட்டது "என்னம்மா, பிடிச்சிருக்கா?" ஒன்றுதான், அதற்கும் பதில் வருவதற்குள் ஆய்வகத்தைக் காட்ட எழுந்துவிட்டார். வரிசையாக நுண்ணோக்கிகள், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. உறைமேல் இருந்த தூசியில் இவள் விரலால் ஒரு கோடு இழுத்து என்னைப் பார்த்தாள். நான் கையை எடு என்று கண்ணாலேயே அதட்டினேன்.

தேர்ச்சி விகிதத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீயும் அதில்தான் விழுவாய். நூற்றுக்கு நூறு என்று போட்டிருந்தால், எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அங்கேயே கடைசித் தேர்வு வரைக்கும் போனார்கள் என்று கேள். சுமாராகப் படிக்கிற பிள்ளையை நடுவிலேயே "உங்களுக்கு வேற பள்ளி ஒத்துவரும்" என்று அனுப்பிவிட்டால் யார் வேண்டுமானாலும் நூறு காட்டலாம். நான் கேட்கவில்லை.

ஆனால் எங்களுக்கு உண்மையில் அடி விழுந்தது பாடத்தில். சின்ன வகுப்பு என்றால் பரவாயில்லை, எங்கே கொண்டுபோய் விட்டாலும் இரண்டு மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். மேல்நிலை வேறு கதை. பழைய பள்ளியில் இருபடிச் சமன்பாடு முடித்திருந்தாள், புதுப் பள்ளியில் அதையே முதலிலிருந்து நடத்தினார்கள், சரி என்று உட்கார்ந்தாள். முக்கோணவியலோ இவள் போவதற்கு முந்தின பருவத்திலேயே அங்கே முடிந்துவிட்டது, பழைய பள்ளியில் இனிமேல்தான் வரவேண்டும். ஒரே பாடத்திட்டம்தானே என்று உன் அண்ணன் வாதாடினார். பாடத்திட்டம் ஒன்றுதான், எந்தப் பாடத்தை எந்த மாதம் நடத்துவது என்பது அந்தந்தப் பள்ளியின் இஷ்டம். நாலு வருஷம் படித்த பிரெஞ்சு அங்கே அவள் நிலைக்கு இல்லவே இல்லை, "தொடக்க வகுப்பில் உட்காரட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடட்டும்" என்றார்கள். விட்டுவிட்டாள். கூடைப்பந்து அணித் தேர்வும் பள்ளி திறப்பதற்கு முன்பே முடிந்திருந்தது.

நீங்கள் மாறப்போவது நாடு விட்டு நாடு வேறு, இன்னும் சிக்கல். ஜப்பானில் ஏப்ரலில் பள்ளி தொடங்கும், ஆஸ்திரேலியாவில் ஜனவரிக் கடைசியில், ஐரோப்பாவில் பெரும்பாலும் செப்டம்பரில். எங்கிருந்து எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்துப் பிள்ளைக்கு அரை வருஷம் போகும், இல்லை அரை வருஷம் திரும்பப் படிக்க வேண்டிவரும். அமெரிக்காவில் ஒன்பதாவதிலிருந்தே மதிப்பெண் எல்லாம் கல்லூரிக்குப் போகும் பட்டியலில் ஏறிவிடும், பழைய மதிப்பெண்ணை எப்படி மாற்றிக் கணக்கிடுவார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கு. இங்கிலாந்தில் ஒரே ஊரில் இரண்டு பள்ளி வேறு வேறு தேர்வு வாரியத்தை எடுத்திருக்கலாம், ஒரே ஆங்கில இலக்கியத்துக்குப் புத்தகமே வேறாக இருக்கும். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட், பல நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் பாடத்திட்டம்) பற்றிக் கேட்டாயே: 1968-ல் ஜெனீவாவில் அதைத் தொடங்கியதே இப்படி ஊர் ஊராகப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான், ஆகவே நல்லதுதான். ஆனால் அந்த டிப்ளமோ இரண்டு வருஷப் படிப்பு, ஆறு பாடம், அதுபோக 4,000 வார்த்தைக் கட்டுரை ஒன்று. எந்த ஆறு பாடம் கிடைக்கும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். நடுவில் மாறினால் அதே ஆறு கிடைக்குமா என்று பார்க்காமல் தலையை நீட்டாதே.

தூரம். இதை நாங்கள் எக்செல்லில் கடைசித் தலைப்பாக வைத்திருந்தோம், மதிப்பெண்ணும் சொற்பம். போக ஒண்ணேகால் மணி நேரம், வர அதே. 5:15-க்கு எழுந்தாள். ராத்திரி பதினொன்றுக்கு முன் தூக்கம் வராது, அந்த வயதில் உடம்பே அப்படித்தான் மாறுமாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே 8:30-க்கு முன்னால் மேல்வகுப்புப் பள்ளிகளைத் தொடங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது, கலிபோர்னியாவில் அதைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். இதையெல்லாம் நான் படித்தது எப்போது? பேருந்தில் தூங்கிப்போய் நிறுத்தத்தைத் தவறவிட்டு, கடைசி நிறுத்தத்திலிருந்து அவள் அழுதுகொண்டே கூப்பிட்ட அன்று சாயங்காலம்.

அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். நாங்கள் மாற்றலை முடிவு செய்து, வீடு பார்த்து, பள்ளியில் பணம் கட்டி, அப்புறம்தானே அவளிடம் சொன்னோம். பரீட்சை நேரம், மனசு கலையும் என்று எங்களுக்கு நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். அவளுக்கு முன்பே தெரியுமாம்டி. இவர் மாடியில் போனில் பேசியதைப் படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறாள். ஏழு வாரம் தெரியாத மாதிரியே இருந்திருக்கிறாள், நாங்களாகச் சொல்வோமா என்று பார்ப்பதற்கு. அன்று ராத்திரி நானும் இவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாவது பள்ளியை அவள்தான் தேடினாள். எக்செல் கிடையாது. சாப்பாட்டு இடைவேளையில்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள், போனோம். "வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்தவங்க யாரோடயாவது நான் தனியாப் பேசலாமா?" என்று அவளே கேட்டாள். முதல் பள்ளியில் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. இங்கே ஒரு பையனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முதல் இரண்டு வாரம் நூலகத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், நூலகர் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டார் என்றானாம். இரண்டாம் மாடிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்றும் சொன்னானாம். இவளுக்கு அந்தத் தாழ்ப்பாள் விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது. கட்டடம் பழசு, தரவரிசையில் தேட வேண்டும், நடந்தால் 12 நிமிஷம். விட்டுப்போன முக்கோணவியலுக்கு வாரம் இரண்டு நாள் தனியாக நடத்துவதாகக் கணக்கு ஆசிரியை ஒத்துக்கொண்டார். பிரெஞ்சு இங்கேயும் இல்லை. அது போனது போனதுதான்.

நீயே எட்டாவதில் பாதியில் வந்தவள்தானே? என் பெஞ்சில் இடமில்லை என்று சொன்னதும் நின்றுகொண்டே பாடம் கேட்டாயே ஒரு முழு மணி நேரம். அதை நினைத்துப் பார்த்துவிட்டு உன் பையனிடம் பேசு. அவன் இரண்டு வருஷப் படிப்பின் நடுவில் இருக்கிறான், பரீட்சைக்கு எட்டு மாதம்தான் பாக்கி. என்னைக் கேட்டால் அசைக்காதே. உன் வீட்டுக்காரர், எங்க அண்ணன், முன்னால் போகட்டும், தனியாக எட்டு மாதம் இருந்தால் துணி மடிக்கவாவது கற்றுக்கொள்வார். நீயும் பையனும் பரீட்சை முடித்துவிட்டுப் போங்கள். இரண்டு வீட்டுச் செலவு என்பாய், அவர் சண்டைக்கு வருவார். வரட்டும். இல்லை, இப்போதே போயாக வேண்டும் என்றால் அவனுடைய எல்லாப் பாடத்துக்கும் இதுவரை நடத்திய பகுதிகளைப் பட்டியல் போட்டு, பாட ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி எனக்கும் ஒரு நகல் அனுப்பு. புதுப் பள்ளிக்கு எழுத வேண்டிய கேள்விகளை நான் போட்டுத் தருகிறேன், இந்த விஷயத்தில் இப்போது நான் பெரிய பண்டிதை.

நேற்று வந்ததும் பையைக் கழற்றாமலே, சனிக்கிழமை ஒருத்தி வீட்டுக்குப் போகலாமா என்றாள். யார், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று நாலு கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. போ என்று மட்டும் சொன்னேன். உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள்: பெரியம்மா வீட்டு அண்ணனுக்கு நீச்சல்குளம் உள்ள பள்ளி வேண்டுமென்றால் அப்பாவிடம் பட்டியல் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
அன்றைக்கு நகர்ந்து இடம் கொடுத்தவள்

பி.கு. என் பேனா இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.