ரியாலுக்கும் டாலருக்கும் உள்ள முடிச்சு

மஸ்கட், ஓமான்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம். தண்டையார்பேட்டையில் அனைவரும் நலமென்று தம்பி சொன்னான். ஓமான் ரியாலின் மதிப்பு ஏறிக்கொண்டே போவதாகவும், இரண்டு மூன்று மாதம் பொறுத்து அனுப்பினால் கூடுதலாகக் கிடைக்குமென்று நம் தெருவில் பேசிக்கொள்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தொலைபேசியில் இதை முழுமையாகச் சொல்ல முடிவதில்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

ரியால் ஏறவில்லை, அப்பா. ஒரு ரியாலுக்கு 2.6008 அமெரிக்க டாலர் என்று 1986-இல் இந்த நாடு வரையறுத்த மதிப்பு இன்றுவரை மாறவில்லை. அந்த விலையைக் காக்க மத்திய வங்கி டாலரைக் கையிருப்பில் வைத்திருப்பதாலும், நாட்டின் முதன்மை வருமானமான கச்சா எண்ணெய் டாலரிலேயே விற்கப்படுவதாலும் இந்த முடிச்சு அவிழாமல் இருக்கிறது. காசிமேட்டில் விசைப்படகோடு கயிறு கட்டி இழுத்துவரும் சிறு படகைப் போல, டாலர் போகும் இடத்துக்கெல்லாம் ரியாலும் போகிறது. ஆகவே டாலர் 80 ரூபாயாக இருந்தால் ஒரு ரியாலுக்கு 208 ரூபாயும், 85 ரூபாயானால் 221 ரூபாயும் கிடைக்கும். என் சம்பளம் ஒரு பைசாகூடக் கூடவில்லை. இறங்கியது நம் ரூபாய்தான்.

சம்பள நாளில் மஸ்கட்டின் ருவி பகுதியில் உள்ள பணமாற்றுக் கடைகளின் வாசலில் விலைப் பலகையைப் பார்த்து மகிழ்கிறவர்கள் பலர். என்னால் அப்படி மகிழ முடியவில்லை. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை டாலர் கொடுத்தே வாங்குகிறது. ரூபாய் இறங்கினால் எண்ணெய்க்குக் கூடுதல் ரூபாய் கொடுக்க வேண்டும்; அதனால் கூடுதலாக வரும் தொகையில் ஒரு பங்கை விலைவாசியே வாங்கிக்கொள்ளும். அதைவிட முக்கியமானது, அம்மாவின் வளையல் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்கு அடகில் இருப்பது. உதாரணத்துக்கு, 221 ரூபாய் 225 ஆகட்டும் என்று காத்திருந்தால் நமக்குக் கிடைப்பது நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. ஒரு மாத வட்டியே அதைத் தின்றுவிடும். அப்படி ஏறுமென்பதும் உறுதியில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பகுதி மக்கள் நம் ரூபாயைத்தான் நம்பியிருந்தார்கள் என்பதை இங்கு வந்த பிறகே அறிந்தேன். வளைகுடா நாடுகளில் புழங்குவதற்கென்றே நம் ரிசர்வ் வங்கி 1959-இல் தனி ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு டாலரின் விலையை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக மாற்றியபோது, அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாத இந்த மக்களின் கையிலிருந்த பணத்தின் மதிப்பும் சேர்ந்தே விழ நேர்ந்தது. கத்தாரும் துபாயும் அதே ஆண்டில் விலகித் தமக்கெனப் புது நாணயம் கண்டன. ஓமான் அந்த நோட்டுகளின் பழைய மதிப்பைத் தானே தாங்கிப் பிடித்து, 1970 வரை அவற்றைப் பயன்படுத்தியது. பிறர் நாணயத்தோடு தன் நாணயத்தைக் கட்டுவது எவ்வளவு பெரிய பொறுப்பை அயலார் கையில் ஒப்படைப்பது என்பதை இந்த வரலாற்றிலிருந்து உணர்ந்தேன்.

இன்றும் அதற்கு விலையுண்டு. 2022, 2023 ஆண்டுகளில் அமெரிக்க மத்திய வங்கி தன் நாட்டு விலைவாசியை அடக்க வட்டியை உயர்த்தியபோது, இங்கும் உயர்த்த வேண்டியதாயிற்று; உயர்த்தாவிட்டால் பணம் ரியாலை விட்டு டாலருக்கு ஓடிவிடும். முடிச்சும் என்றென்றைக்குமானதல்ல. 1986-க்கு முன் ஒரு ரியாலுக்கு 2.895 டாலர் கிடைத்தது. அந்த ஆண்டு எண்ணெய் விலை சரிந்தபோது அரசு அதைக் குறைத்ததால், அன்று ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்களின் ரியால், டாலர் கணக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்தது. இருப்பினும் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் என் போன்றவர்களுக்கு, நாளைய மதிப்பு இன்றே தெரிவது பெரிய ஆறுதல் என்பதே என் எண்ணம்.

ஆகவே விலை எதுவாயினும், சம்பளம் வந்த வாரத்திலேயே பணம் அனுப்புவேன். முதலில் வளையலை மீட்டுவிடுங்கள். தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அடுத்த இரு மாதங்களில் பிரித்து அனுப்புகிறேன். அதற்காக யாரிடமும் கடன் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்