உன் படங்களில் இருக்கும் நேரம்

அன்புள்ள மகளுக்கு,

நம் வீட்டுப் பொதுக் கோப்புறையில் நீ போட்டிருந்த இரவுப் படங்களையும் வேடமிட்டவர்களின் படங்களையும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டேன். அப்பாவும் பார்த்தார். வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மேம்பாலப் படத்தை மட்டும் மறுபடி மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், அதற்கு என்ன பொருள் என்று உனக்கே தெரியும். உன்னிடமிருந்து எழுத்தாக எதுவும் வராத இந்த நாட்களில், படங்களையே உன்னைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

அந்த மேம்பாலப் படம் உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது. வருகிற வண்டிகளின் விளக்குகள் வெள்ளைக் கோடுகளாகவும் போகிற வண்டிகளின் விளக்குகள் சிவப்புக் கோடுகளாகவும் அந்த வளைவு முழுவதும் அறுபடாமல் ஓடுகின்றன. ஒவ்வொரு தெருவிளக்கைச் சுற்றியும் கூரிய கதிர்கள் விரிந்திருக்கின்றன. ஷட்டர் திறந்திருந்த நேரம் 20 வினாடி, அபர்ச்சர் என்கிற லென்ஸ் துளையின் அளவு எஃப் 11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 என்று கோப்பில் பதிவாகியிருக்கிறது. தொடக்கத்தில் நீ கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை 12800 வரை ஏற்றி எடுத்த படங்களில் இருட்டெல்லாம் மணல் தூவியதுபோல் இருந்தது. அங்கிருந்து இங்கே வந்து சேர எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது. ட்ரைபாட் என்கிற முக்காலியில் வைத்து எடுக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு, 2 வினாடி டைமர் வைத்து எடுப்பது நல்லது என்று படித்தேன்; பாலத்தின் கம்பிகள்கூட இவ்வளவு தெளிவாக இருப்பதால், நீ ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறாய் போலும்.

ஷட்டரும் அபர்ச்சரும் பதிவாகிற அதே இடத்தில் படம் எடுத்த நேரமும் பதிவாகிறது. அதைத் தேடிப் போய்ப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. இரவு இரண்டரை, இரண்டே முக்கால், சிலவற்றில் மூன்றரை. அவற்றில் பெரும்பாலானவை வேலை நாட்கள். கேமராவின் கடிகாரத்தை நீ சரியாக வைக்காமல் விட்டிருப்பாய் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மணிக்கூண்டு தெரிகிற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அங்கேயும் முட்கள் மூன்றாவதற்குப் பத்து நிமிடம் என்று காட்டின. கோப்பில் இருந்த நேரமும் அதுதான். நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்பாய். அந்தப் பதில் எனக்கு மனப்பாடம்.

கேட்பதற்குப் பதிலாக உனக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். சூரியன் மறைந்த பிறகு, அது அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 4 முதல் 6 பாகை வரை இறங்கியிருக்கும்போது, வானம் ஆழ்ந்த நீலமாக மாறுகிறது. நகரத்து விளக்குகளின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் அப்போது ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்து நிற்பதால், கட்டடத்தின் விளிம்பும் தெரியும், சன்னலின் வெளிச்சமும் வெளுத்துப் போகாது. நள்ளிரவு தாண்டியபின் வானம் வெறும் கறுப்பாகவோ, விளக்குகளின் ஒளி கலந்து அழுக்கு மஞ்சளாகவோதான் கிடைக்கும்; அலுவலகக் கட்டடங்களின் சன்னல்கள் பாதிக்கு மேல் அணைந்திருக்கும்; விளக்குக்கும் இருட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரே படத்தில் அடக்க நீ படாத பாடு பட வேண்டியிருக்கும். நீல நேரம் என்கிற இந்தப் பொழுது சில நிமிடங்கள்தான் நீடிக்கும் என்பதால், முன்கூட்டியே இடம் பார்த்து ட்ரைபாடை நிறுத்தியிருந்தால், எடுத்து முடித்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கலாம். அந்தி வெளிச்சத்தில் எடுத்துப் பார், அது போதும்.

உன் தெருப் படங்களில் ஒரு மனிதர்கூட இல்லையே என்று அப்பா கேட்டார். நான் அவருக்கு விளக்கினேன்: ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருக்கும்போது நடந்து போகிறவர்கள் ஓரிடத்தில் நிற்காததால் பதிவாவதில்லை. 1838-இல் புகைப்படக் கலையின் முன்னோடியான டாகேர் பாரிஸின் ஒரு பெரிய சாலையை எடுத்தபோதும் இதுவே நடந்தது. ஒளி பதிய நிமிடக் கணக்கில் ஆனதால் அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்த வண்டிகளும் மனிதர்களும் மறைந்துபோக, செருப்புக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். இதை அப்பாவிடம் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் அந்த நேரத்தில் உன் தெருக்களில் நிஜமாகவே யாரும் இருந்திருக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்திருக்கிறவருக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்பது தெரியாது. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போ. ட்ரைபாடைப் பிடிக்கவாவது ஒருவர் இருக்கட்டும்.

வேடப் படங்களைப் பற்றி எழுதாமல் விட்டால் என்மேல் கோபப்படுவாய். கிரீடமும் நீலப் பொய்முடியும் அணிந்த அந்த அரசியை, பின்னால் நகரத்து விளக்குகள் வட்டம் வட்டமாக மங்கித் தெரிய, நீ நிறுத்தியிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபிளாஷ் ஆளின் முகத்தைப் பார்த்துக்கொள்ளும், மெதுவான ஷட்டர் பின்னணியைப் பார்த்துக்கொள்ளும் என்று நீ முன்பொரு முறை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒரு குறையும் உண்டு. தெருவிளக்கின் மஞ்சளுக்கு முன்னால் முகம் மட்டும் நீலம் பாய்ந்து தனியாக ஒட்டிவைத்ததுபோல் நிற்கிறது. ஃபிளாஷின் முன்னால் ஆரஞ்சு ஜெல் தாள் ஒன்றை ஒட்டிவிட்டு, அதற்கேற்ப ஒயிட் பேலன்ஸ் என்கிற நிறச் சமநிலையை மாற்றினால் இரண்டு வெளிச்சமும் ஒன்றாகிவிடும். தோளில் மேலங்கியைப் பிடித்திருக்கும் ஊக்கும் தெரிகிறது. வேடம் கட்டியவர் அதற்காக எத்தனை இரவு தைத்தாரோ, அவருக்காகவாவது எடுக்கும் முன் ஒருமுறை தலை முதல் கால் வரை பார்த்துவிடு.

அந்த அரசியின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கருவிழியில், ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் உன் சாஃப்ட்பாக்ஸ் வெள்ளைச் சதுரமாகத் தெரிகிறது. அதன் ஓரத்தில், முழங்கை இரண்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்தபடி ஒரு கரிய உருவம். அந்தச் சாய்வு உன்னுடையது. இளைத்திருக்கிறாயா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. இன்னும் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது. இத்தனை பேருடைய முகங்களை இவ்வளவு அக்கறையோடு எடுக்கிறவள், தன் முகத்தைப் பெற்றவளுக்கு ஒன்று அனுப்பக் கூடாதா? கோபமாக எழுதிவிட்டேன். இருந்தாலும் இதை அடிக்கப் போவதில்லை.

ஜூலியா மார்கரெட் கேமரனைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். 1863-ஆம் ஆண்டின் இறுதியில், அவருடைய 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் சேர்ந்து அவருக்கு ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதுவரை அவர் படம் எடுப்பதில் பெரிதாக ஈடுபட்டதில்லை. பிறகு வீட்டுப் பணிப்பெண்களையும் உறவினர்களையும் அண்டை வீட்டாரையும் பிடித்து, தேவதைகளாகவும் அரசர்களாகவும் வேடமிட்டு எடுத்துத் தள்ளினார். படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று அக்காலத்துப் புகைப்படக்காரர்கள் பழித்ததை அவர் பொருட்படுத்தவே இல்லை. 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கும் படம் எடுத்து, 1879-இல் அங்கேயே காலமானார். இதைப் படித்ததிலிருந்து அவருடைய படங்களைவிட அந்த மகளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா தனியாக இருப்பாளே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, பார்த்தாயா. எனக்குக் கேமரா வேண்டாம். இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியாது என்பதால் அல்ல, எனக்கு வேண்டியது வேறு என்பதால்.

வேடமிடுகிறவர் தயாராகி வரும்வரை, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க நீயே அந்த இடத்தில் போய் நின்று சோதனைப் படம் எடுப்பாய் என்று அண்ணன் சொன்னான். எடுத்தவுடன் அழித்துவிடுவாயாம். அடுத்த முறை அழிக்காதே. தலை வாரியிருக்க வேண்டாம், சிரிக்க வேண்டாம், வெளிச்சம் சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதை அப்படியே மூலக் கோப்பாகப் பொதுக் கோப்புறையில் போட்டுவிடு; எடுத்த நேரம் என்னவாக இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியது உனக்கு ஏதாவது இருந்தால், எந்த நேரமானாலும் கூப்பிடு. நானும் இப்போது அந்த நேரத்தில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா