மார்கழியில் புறாமலைக்குப் படகா? உங்கள் சொகுசுப் பயண நிரல் பற்றிய புகார்

திருகோணமலை

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: கிழக்குக் கரையும் புராதன நகரங்களும், பத்து நாள் சொகுசுப் பொதி – கட்டணமின்றித் திருத்துதல் அல்லது முற்பணத்தை முழுதாகத் திருப்பித் தருதல்

ஐயா / அம்மணி,

பருவத்துக்குப் பொருந்தாத உங்கள் பயண நிரலைத் திருத்தித் தரும்படி தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் உங்கள் கிளையிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுத்தில் தருகிறேன். கிளையில் கேட்டால் "கொழும்புதான் முடிவெடுக்கும்" என்கிறார்கள். கொழும்பில் கேட்டால் "பதிவு செய்த கிளையில் பேசுங்கள்" என்கிறார்கள். உங்கள் உடனடிச் சேவை இலக்கமோ முன்பதிவு எண்ணை அழுத்தச் சொல்கிறது. அழுத்தியதும் பாட்டுப் போடுகிறது. இந்தக் கடிதத்தையாவது யாராவது ஒருவர் கடைசிவரை வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மரியாதையாகவே தொடங்குகிறேன்.

பொதி எது, அதில் என்ன அடக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வெளிநாட்டு உறவினரும் இங்கே வசிப்பவர்களுமாக எங்கள் குடும்பத்தார் ஒன்பது பேர், டிசம்பர் நடுப்பகுதி. மொத்தத் தொகையில் 40 வீதம் முற்பணமாகக் கட்டியாயிற்று. காசு கைமாறும்வரை நீங்கள் தந்தது படம் போட்ட கையேடு மட்டும். நாள்வாரியான நிரல் வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த நிரலின் மூன்றாம் நாளை எடுத்துப் பாருங்கள். "காலை 9 மணி: நிலாவெளியிலிருந்து படகில் புறாமலை, பவளப்பாறை மேல் நீச்சல்." நான்காம் நாள்: "திருகோணமலைக் கடலில் திமிங்கிலம் பார்த்தல்." டிசம்பரில்! வாடைக்காற்று பிடித்துவிட்டால் தை வரைக்கும் நிலாவெளி, உப்புவெளிக் கரைக்கு நேரே அடிக்கும். படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். புறாமலைத் தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், ஆனால் அந்த அலையில் படகைத் தீவோடு அணைத்து நிறுத்த முடியாது. ஒருநாள் காற்று விழுந்து படகு போனாலும் பயனில்லை. மழைவெள்ளம் எல்லாம் கடலுக்குத்தான் வருகிறது, கொட்டியாரக்குடாவில் மகாவலியே வந்து விழுகிறது. கலங்கிய தண்ணீரில் கண்ணாடி போட்டுக் குனிந்தால் பவளமும் தெரியாது, சுறாக்குட்டியும் தெரியாது. இந்தக் கடல் அடங்கித் தெளிவது சித்திரைக்குப் பிறகு. மே முதல் செப்டெம்பர் வரை யாரையும் கூட்டி வரலாம். டிசம்பரில் திமிங்கிலம் வேண்டுமென்றால் தெற்கே மிரிஸ்ஸவுக்குப் போக வேண்டும். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அதே கையேட்டில், உங்கள் தென்கரைப் பொதியின் பக்கத்தில், "திமிங்கிலப் பருவம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை" என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள்.

இதைத்தான் திருத்தித் தரும்படி கேட்டேன். "அசல் பற்றுச்சீட்டோடு கொழும்புக்கு நேரில் வாருங்கள், அன்றே மாற்றித் தருவார்கள்" என்று சொன்னது உங்கள் கிளை. இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, கதவு திறக்கும்வரை உங்கள் வாசற்படியில் காத்திருந்து, இலக்கத் துண்டு எடுத்து, மூன்றாம் கருமபீடத்துக்குப் போனால், அங்கிருந்த உங்கள் அலுவலர் பற்றுச்சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. போனைப் பார்த்தபடியே "மழைக்கு நாங்கள் பொறுப்பில்லை, சொகுசு என்றால் அறைதான் சொகுசு" என்றார். பிறகு சொன்னதுதான் இன்றுவரை காதில் நிற்கிறது: "நீங்கள் ட்ரிங்கோ ஆக்கள்தானே? கடல் எப்ப கொந்தளிக்கும் எண்டு தெரியாதா? பிறகேன் காசு கட்டினீங்கள்?" திருத்தம் செய்பவர் லீவாம். திங்கட்கிழமை வரட்டாம். திருகோணமலை என்ன கொழும்பிலேயே, தெமட்டகொடையிலா இருக்கிறது?

ஊர்க்காரருக்குக் கடல் தெரியும், அதனால் நாங்கள் பார்க்க வேண்டியதில்லை என்றால், பட்டியலில் "திட்டமிடல் கட்டணம்" என்று ஒரு வரி எதற்கு? அதைக் கழித்துவிடுங்கள்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். தயவுசெய்து முதல் நாளையும் பாருங்கள். விமானம் கட்டுநாயக்கவில் இறங்குவது பிற்பகல் 3 மணி. குடிவரவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர நாலரை ஆகும். உங்கள் நிரலில் நிலாவெளியில் இரவு உணவு 7.30க்கு! குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வழியில் ஒரு தேநீர் குடித்தாலும் ஆறு மணித்தியாலம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே இருட்டில் யானை றோட்டைக் கடக்கும் இடத்தில், இரவு ஒன்பது மணிக்கு, வயதானவர்களோடு வான் போக வேண்டும் என்பதா உங்கள் சொகுசு? முதல் இரவை சீகிரியாவிலோ ஹபரணையிலோ போட்டிருந்தால், காலையில் ஆட்கள் குறைந்த நேரத்தில் சீகிரியாக் குன்றில் ஏறிவிட்டு மதியத்துக்குப் பிறகு ஆறுதலாகத் திருகோணமலைக்கு வரலாம். சுமார் 1,200 படி. ஏற முடியாதவர்கள் கீழே நீர்த்தோட்டத்தோடு நின்றுகொள்வார்கள்.

மின்னேரியா வனப்பூங்காவில் "யானைகளின் மாபெரும் கூட்டம்" என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அது ஆகஸ்ட், செப்டெம்பர் காட்சி. குளம் வற்றிக் கரையில் புல் முளைக்கும்போது யானைகள் அங்கே சேரும். மாரியில் குளம் நிரம்பிப் புல்வெளி தண்ணீருக்குள் போய்விடும், யானைகளும் காட்டுக்குள் பிரிந்துவிடும். ஜீப்புக்குக் காசு மட்டும் அப்படியே எடுத்திருக்கிறீர்கள்.

பொலன்னறுவைக்கு ஐம்பது நிமிடம். அந்த இடிபாடுகளுக்கிடையே வாகனத்தில் ஏறி ஏறி இறங்கித்தான் பார்க்க வேண்டும், மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. புத்தர் சிலைகள் உள்ள வட்டதாகேயிலும் கல்விகாரையிலும் பாதணி கழற்ற வேண்டும். வெயிலில் கல் சுடும், மழையில் வழுக்கும், ஒரு சோடி காலுறை கொண்டுவரச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. சோழர் காலத்துச் சிவன் கோயிலான வானவன் மாதேவி ஈச்சரம் நிரலிலேயே இல்லை. தமிழ்க் குடும்பம் ஒன்று பொலன்னறுவைக்குப் போய் அதைப் பார்க்காமல் திரும்புவதா?

கோணேசர் கோயிலுக்கு நீங்கள் குறித்த நேரம் நண்பகல் 12.45. மதியப் பூசை முடிந்து நடை சாத்தியிருக்கும். கோயில் இருக்கும் சுவாமி மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்துவிட்டு, வழியிலுள்ள பிரெட்றிக் கோட்டை மான்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்தக் கோட்டையை ஆங்கிலேயர் கட்டியதாகக் கையேடு சொல்கிறது. கோயிலை இடித்து 1620களில் அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். பிரெட்றிக் என்ற பெயரைப் பின்னர் வைத்தவர்கள்தான் ஆங்கிலேயர்.

வாகனம்: ஒன்பது பேருக்கும் வெளிநாட்டுப் பெட்டிகளுக்கும் ஒரு கே.டி.எச். வான். பின் வரிசையை மடித்தால் பெட்டி போகும், ஆள் போகாது. குறைந்தது ஒரு றோசா சிறிய பஸ் வேண்டும். மது விற்கத் தடையுள்ள உந்துவப் போயா (டிசம்பர் பௌர்ணமி) அன்று மதுவோடு "அந்திநேர விருந்து" வைத்திருப்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை; ஹொட்டேலே சிரிக்கும்.

நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. திகதியை மாற்ற முடியாது, பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை அது. பாதையைத் திருப்புங்கள். ஹபரணையில் ஓர் இரவு, திருகோணமலையில் இரண்டு இரவு, கோயிலும் கன்னியா வெந்நீரூற்றும் உறவினரும் மட்டும், படகு வேண்டாம். பிறகு கண்டி, அங்கிருந்து தெற்கே இறங்கிக் காலி, மிரிஸ்ஸ. காலிக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் கால வீடுகளில் நடக்கும் விடுதி என்றால் வயதானவர்களுக்குத் தரைத்தளத்திலேயே அறை வேண்டும். அங்கே லிப்ட் கிடையாது, மரப்படி செங்குத்து. இதற்குத்தான் 25 வீதம் "மாற்றக் கட்டணம்" கேட்கிறீர்கள். வேண்டாம் என்று விலகினால் முற்பணத்தில் பாதி போய்விடுமாம். பிழையாகத் திட்டம் போட்டதற்கும் நாங்களே கட்ட வேண்டுமா?

நீங்கள் இழுத்தடிக்கும் ஒவ்வொரு நாளும் தென்கரையில் அறை போய்க்கொண்டிருக்கிறது. டிசம்பர் அங்கே உச்சப் பருவம். 24ஆம், 31ஆம் திகதிகளில் கட்டாய இரவு விருந்துக் கட்டணம் வேறு ஏறும். இந்த நட்டத்தைக் கூட்டினால் பொதியின் விலையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும். ஒரு குடும்பம் இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒன்றுகூடும் வாய்ப்பு பாழாகிப்போவதற்கு என்ன விலை போடுவீர்கள்?

இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் திருத்திய நிரலும் மாற்றக் கட்டணம் இல்லை என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் முற்பணம் முழுதும் திரும்ப வேண்டும். மூன்றாம் கருமபீட அலுவலர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. உங்களோடு சண்டை பிடிப்பது என் நோக்கமல்ல, நல்லபடி முடித்தால் நன்றியோடு வருவோம். இல்லையேல் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். முறைப்பாட்டுக்கு மூன்று மாத அவகாசம் உண்டென்பது எனக்குத் தெரியும். அது முடியும்வரை இழுக்கலாம் என்று எண்ண வேண்டாம். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் பிரதி போகும். வழிகாட்டி என்று நீங்கள் அனுப்பும் சாரதியிடம் சாரதி-வழிகாட்டி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதையும் அதிலேயே கேட்பேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
பொதியைப் பதிவு செய்த வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, உங்கள் நிரல், கையேட்டின் தென்கரைப் பக்கம்

பி.கு.: பட்டியலை மறுபடி பார்த்ததில் இன்னொன்று. சீகிரியா, பொலன்னறுவை, புறாமலை எல்லாவற்றுக்கும் ஒன்பது பேருக்கும் வெளிநாட்டவர் கட்டணம், டொலரில். எங்களில் மூன்று பேர் இங்கே வசிப்பவர்கள், தேசிய அடையாள அட்டையின் பிரதியை முன்பதிவின்போதே வாங்கினீர்கள். அவர்களுக்கு உள்ளூர் ரிக்கெற், ரூபாயில். வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுத் தனியாக அனுப்பவும்.