ஏற்காட்டில் பரிசு கொடுக்கும் முன் இடுப்பைப் பாருங்கள்

ஏற்காடு கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடத்தும் அதிகாரிகளுக்கும், பரிசு வாங்கிய ஆண் நாயைத் தேடிப் பெட்டையை மேட்டிங்குக்குக் கொண்டுபோகும் சேலத்து ஜெர்மன் ஷெப்பர்டு வளர்ப்போருக்கும் வணக்கம்.

தடுப்பூசிச் சான்றோடு நாயின் தோலுக்கடியில் அடையாளத்துக்கு வைக்கும் மைக்ரோசிப்பின் எண், இடுப்பு மற்றும் முழங்கை எக்ஸ்ரே முடிவு, டி.எம். (தண்டுவடம் சிதைந்து பின்னங்கால் செயலிழக்கும் நோய்) மரபணுச் சோதனை முடிவு ஆகியவற்றையும் கேளுங்கள். ஷெப்பர்டு பிரிவிலாவது தொடங்குங்கள்.

ஷெப்பர்டில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் தளர்வது குட்டிக்கும் இறங்கும் கோளாறு. ஓட்டத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. தசைக்கட்டுள்ள இரண்டு வயது நாய், கெட்ட மூட்டோடும் நடுவர் முன் அழகாக ஓடும். அதன் குட்டி ஏழெட்டு மாதத்தில் டைல்ஸ் தரையில் எழும்போது பின்னங்கால் இரண்டும் விரிந்து வழுக்கும். ஓடச்சொன்னால் முயல் மாதிரி இரண்டையும் சேர்த்துத் தூக்கி வைக்கும். வீட்டில் "கால்சியம் பத்தல" என்று சிரப்பை ஊற்றுவார்கள். பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் மிஞ்சினால் எலும்பு வளர்ச்சியே கோணும்.

எக்ஸ்ரே என்று ஏதோ ஒரு படத்தை ஏற்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி, முழங்காலை உள்பக்கம் திருப்ப வேண்டும். தொடையெலும்புகள் இணையாகவும் முழங்கால் சில்லு நட்டநடுவிலும் தெரியவேண்டும். இடுப்பெலும்பின் இரு ஓட்டைகளும் ஒரே அளவில் இல்லையென்றால் நாய் சாய்ந்து கிடந்திருக்கிறது; ஒரு மூட்டு உள்ளதைவிட நன்றாகவும் மற்றது மோசமாகவும் தெரியும். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மயக்கமில்லாமல் நாலு பேர் அழுத்திப் பிடித்தால் தசை இறுகி, தளர்ந்த மூட்டும் ஒழுங்காகப் பொருந்தியதுபோல் ஏமாற்றும். சிப் எண் படத்திலேயே பதிந்திருக்க வேண்டும். பிறகு பேனாவில் எழுதியது செல்லாது. பெட்டை பருவத்தில் இருந்தால், அது முடிந்து மூன்று நாலு வாரம் கழித்து எடுங்கள். முழங்கையை மடக்கி, பக்கவாட்டில் தனிப்படம் எடுக்க வேண்டும்.

நாய்களின் மூட்டுப் படங்களைப் பார்த்துச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான ஓ.எஃப்.ஏ. இடுப்புக்கான இறுதிச் சான்றை 24 மாதம் முடிந்த பிறகே தருகிறது. நம் நாட்டின் 2017 நாய் வளர்ப்பு விதிகளோ பெட்டையை மேட்டிங்குக்கு விட 18 மாதம் நிறைந்தால் போதும் என்கின்றன. அந்த ஆறு மாதம் பொறுங்கள்.

டி.எம். வேறு நோய். பெரும்பாலும் எட்டு வயதை ஒட்டி, வலியே இல்லாமல் பின்னங்கால் தளரும். நடக்கையில் நகம் தரையில் உரசித் தேயும். இந்த நோயோடு தொடர்புள்ள எஸ்.ஓ.டி.1 மரபணுவைப் பார்க்கக் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்த பஞ்சுக்குச்சி போதும். தீனி தின்ற வாயில் எடுக்காதீர்கள். பால்குடிக் குட்டியை முன்கூட்டியே தாயிடமிருந்து பிரித்து வையுங்கள், தாயின் செல் கலந்துவிடும். தாய், தகப்பன் வழியாக ஒவ்வொன்றாக வரும் இரண்டு மரபணுப் பிரதியில் ஒன்று மட்டும் பழுதான நாயை ஒதுக்க வேண்டாம். பழுதில்லாத துணையோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் இரண்டு பிரதியும் பழுதாக வராது. ஒரு பிரதி பழுதான இரண்டு நாயைச் சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டும் பழுதாக வர நாலில் ஒரு வாய்ப்பு. ஆனால் இந்த முடிவை இடுப்புக்குச் சான்றாகக் காட்டினால் ஏற்காதீர்கள். இடுப்புக் கோளாறு பல மரபணுக்களும் தீனியும் எடையும் சேர்ந்து செய்வது.

தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. மே மாத விழாவுக்குப் பிப்ரவரியிலேயே ஷெப்பர்டுகளுக்கென்று ஒரு எக்ஸ்ரே நாளுக்கு அங்கே கேட்டுப் பாருங்கள். முடிவு மோசமாக வந்த நாயையும் கண்காட்சிக்கு வரவிடுங்கள். கோப்பை மட்டும் அதற்கு வேண்டாம், அந்தக் கோப்பையைப் பார்த்துத்தான் அடுத்த மேட்டிங் முடிவாகிறது.