மைக் வாங்கும் முன் ஒரு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக இசை லேபிள், அதாவது பாடல்களைத் தயாரித்து வெளியிடும் நிறுவனம், தொடங்க வேண்டும் என்று வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பது எந்த மைக், எந்த மென்பொருள் என்பதைத்தான். பதிவு செய்வது இன்று வீட்டு அறையிலேயே முடிந்துவிடுகிறது. சறுக்குவது காகிதத்தில்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒரு பக்கம், பதிவான ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொரு பக்கம். மாஸ்டர் உரிமை, முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுத் தயாரித்தவருக்குப் போகும். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அதற்கு ஆயுள் 60 ஆண்டுகள். நாலு நண்பர்கள் ஆளுக்கு ஐயாயிரம் போட்டுப் பதிவு செய்தால் தயாரிப்பாளர் யார்? பாட்டு ஓடாதவரை இந்தக் கேள்வி எழாது. ஓடிவிட்டால் நட்பு அதோடு சரி. பதிவு நாளன்றே, ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

உரிமை மாற்றத்தை வாய்ப்பேச்சில் முடிக்க முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று தாளில் போடாவிட்டால் ஐந்தே ஆண்டு. எந்தெந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இணையத்தில் பாட்டு வெளியாகிற நொடியே கோலாலம்பூரிலும் டொரொண்டோவிலும் ஒலிக்கும், தாளில் இருப்பதோ இந்தியா மட்டும்! வேறு ஏற்பாடு எழுதாத நிலையில், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அதுவும் காலாவதியாகும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டியை முழுவதுமாக எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் இன்னும் நினைக்கிறார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு அப்படி எழுதினால் செல்லாது. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் அவர்களை உறுப்பினராகச் சொல்லுங்கள். பாட்டை இசைச் செயலிகளில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக லேபிளுக்கு வருவது மாஸ்டருக்கான பணம். வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டி இந்த அமைப்பு வழியாகத்தான் வரும்.

‘செலவு போக மீதியில் பாதி’ என்ற வரி ஆபத்தானது. எது செலவு? ஒலிகளைக் கலந்து சமன் செய்யும் மிக்ஸிங், இறுதி மெருகேற்றும் மாஸ்டரிங் சரி. வீடியோ? விளம்பரம்? படப்பிடிப்பு பிரியாணி? தலைப்பு வாரியாக எழுதி, உச்சவரம்பும் போட வேண்டும்.

பாரதியார் வரிகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் காதில் ஒலிப்பது சினிமாவில் வந்த மெட்டு என்றால் அதற்கு உரிமையாளர் இருப்பார். விலைக்கு வாங்கிய பறை லூப்பிலும், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் தயார் ஒலித்துண்டிலும், உரிமைச் சிக்கல் உண்டு. அதே லூப்பை நூறு பேர் வாங்கியிருப்பார்கள். அது இருக்கும் பாட்டை, ஒரே ஒலி வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்த்தால் சம்பந்தமில்லாதவர்களின் வீடியோக்கள் மீதெல்லாம் உரிமைக்கோரல் பாயும், பிறகு உங்கள் கணக்குக்கே சிக்கல். ஒரு பறைக் கலைஞரை அழைத்து இரண்டு மணி நேரம் வாசிக்கச் சொன்னால் பாட்டுக்கும் நல்லது.

ஸ்டுடியோவிலிருந்து புராஜெக்ட் ஃபைலை (பதிவு மென்பொருளின் வேலைக் கோப்பை) மட்டும் வாங்கி வந்தால் போதாது. அதில் உள்ள பிளக்-இன் (துணை மென்பொருள்) உங்கள் கணினியில் இல்லாவிட்டால் திறந்தும் பயனில்லை. குரல், கருவி என ஒவ்வொரு டிராக்கையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து 24 பிட் வேவ் கோப்பாக வாங்குங்கள். குரல் இல்லாத வடிவமும் அன்றே வேண்டும், மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் உண்டு, எழுத்தும் இலக்கமும் கலந்து 12 இடம் கொண்டது. ரீமிக்ஸுக்கும் குரலற்ற வடிவத்துக்கும் தனித்தனி எண். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். புது எண் போட்டால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை கைவிட்டுப் போகும். நம் ஊருக்கே உரிய தொல்லை இனிஷியல். ஒரு பாட்டில் ‘எஸ். முத்து’, அடுத்ததில் ‘முத்து எஸ்’ என்று போனால் செயலியில் இரண்டு பாடகர்கள் பிறந்துவிடுவார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் முதல் பாட்டிலேயே முடிவு செய்யுங்கள்.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். கோப்புகளை வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்குப் பரிந்துரைக்கக் குறைந்தது ஏழு நாள் தேவை. அங்கே கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு மாஸ்டர் பணமும் கிடையாது. அதற்காகக் காசு கொடுத்து ஸ்ட்ரீம் வாங்கினால் பாட்டையே தூக்கிவிடுவார்கள்.

லேபிள் பெயரை வர்த்தகக் குறியாகப் பதிய வேண்டியது 9 (ஒலிப்பதிவுகள்), 41 (பொழுதுபோக்கு) ஆகிய இரு வகுப்புகளில். தனிநபர் இணையவழியில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு ரூ.4,500. லோகோ வரையும் முன்பே பெயர் காலியாக இருக்கிறதா என்று தேடிவிடுங்கள், தேடலுக்குக் கட்டணம் இல்லை.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாடுகிறவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில், இரண்டு பக்கத்தில் அடங்கும் மாதிரிப் படிவம் ஒன்றை வழக்கறிஞரைக் கொண்டு எழுதி வாங்கித் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறை வாசகர்,
சென்னை