எங்கள் காசைப் பற்றிப் பேசும்போது எங்களில் ஒருவரும் இருக்கட்டும்: மத்திய வங்கிக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய இலங்கை மத்திய வங்கி ஆளுநர் அவர்களுக்கும் ஆளும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது பாடசாலையில் வணிகக் கல்வி படிப்பிக்கிற ஆசிரியர் நான். தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கிற காசும் முதலாளி போடுகிற பங்கும் ஓய்வுக் காலத்துக்கென்று சேர்கிற ஊழியர் சேமலாப நிதி எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு விளக்க வரவில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பணத்துக்குக் காவல் உங்கள் வங்கிதான்.

அண்மையில் எங்கள் பக்கம், சேமலாபக் காசை எடுக்க விண்ணப்பிக்கிறவர்களுக்காக ஒரு நடமாடும் சேவை நடந்தது. தோட்ட வேலையை முடித்துக்கொண்டு வீட்டில் இருக்கப் போகிற பெண்கள், கையில் அடையாள அட்டைப் பிரதியோடு காலையிலிருந்தே வரிசையில் நின்றார்கள். என் பெரியம்மா முறையான ஒருவர் படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, மேசையில் இருந்தவரிடம் கேட்டார்: "ஐயா, இவ்வளவு காலமும் எங்க காச எங்க போட்டு வச்சிருந்தாங்க?"

"அது உங்களுக்கு எதுக்கு அம்மா? காசு வரும்தானே" என்றார் அவர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவும் சேர்ந்து சிரித்தார். அந்த அலுவலர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் பதில் தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள் நீங்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். சேமலாப நிதியின் பணத்தை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் சபையில், அந்த நிதியின் அங்கத்தவர்களுடைய பிரதிநிதிகள் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது தோட்டத் தொழிலாளராக இருக்க வேண்டும்.

வகுப்பில் நான் ஒரு பாடம் நடத்துகிறேன். வளர்ந்துவரும் சந்தைகளுக்கு நிறுவன முதலீட்டாளர்கள் எவ்வளவு முக்கியம், ஓய்வூதிய நிதியங்களும் காப்புறுதிக் கம்பனிகளும் எப்படிச் சந்தையை நிலைநிறுத்துகின்றன என்கிற பாடம். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். இந்த நாட்டின் மிகப் பெரிய நிறுவன முதலீட்டாளர் சேமலாப நிதிதான், அதன் கையில் மூன்று டிரில்லியன் ரூபாவுக்கும் மேல் இருக்கிறது, அதில் தங்கள் அம்மாவின் காசும் கிடக்கிறது என்று நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவர்களிடம் ஒரு கணக்குக் காட்டுவேன். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதில் நூற்றுக்கு 8 தொழிலாளியிடமிருந்து பிடிக்கிறார்கள், ஒரு நாள் வேலைக்கு 108 ரூபா. தோட்டம் 12 போட வேண்டும், 162 ரூபா. மொத்தம் 270. கொழுந்துக் கூடை தோளில் ஏறுகிற ஒவ்வொரு நாளும், பெரும்பாலும் திறைசேரி முறிக்குள், அதாவது அரசாங்கம் கடன் வாங்க விற்கிற பத்திரத்துக்குள் போகிற காசு அது. நிதியின் பணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இப்படியான அரச பிணையங்களில்தான் இருக்கிறது என்று உங்கள் அறிக்கைகளே சொல்கின்றன. (தோட்டங்களில் பலருக்கு வேறு சேமலாபச் சங்கங்களில் கணக்கு. அது தனிக் கதை, இப்போதைக்கு இருக்கட்டும்.)

சந்தையை நிலைநிறுத்துவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 2020இல் கொரோனா வந்ததும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ரூபா முறிகளை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். போக அவர்களுக்கு வழி இருந்தது. எங்கள் பெரியம்மாவுக்கு எங்கே போவது? மாதம் தவறாமல் காசு போடுவார், 50 வயது வரை காத்திருப்பார், எங்கே போட்டீர்கள் என்று கேட்கவும் மாட்டார். தப்பித் தவறிக் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். இவரைவிடப் பொறுமையான நிறுவன முதலீட்டாளர் உலகத்தில் கிடைக்கமாட்டார், ஐயா. நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. சர்வதேச முறிகளில் நிலுவை ஏறக்குறைய 12.5 பில்லியன் டொலர். அந்த முறிகளை வைத்திருந்த வெளிநாட்டு நிதியங்கள் குழு அமைத்தார்கள், சட்டத்தரணிகளும் நிதி ஆலோசகர்களும் பிடித்தார்கள், இரண்டு வருடத்துக்கும் மேல் இழுத்துப் பேசினார்கள். பழைய முறிகளுக்குப் பதில் புது முறிகள் கொடுக்கிற பரிமாற்றம் 2024 டிசம்பரில் முடிந்தது. நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று முறியிலேயே எழுதிவிட்டார்கள். முதல் தொகையில் 27 வீதம் விட்டுக்கொடுத்தார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்கள்.

எங்களுக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். 2023 ஜூன் கடைசியில் வங்கிகளுக்கு விசேட விடுமுறை. ஜூலை 1, சனிக்கிழமை, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஓய்வூதிய நிதியங்கள் தங்கள் திறைசேரி முறிகளைப் புது முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும், வட்டி 2026 வரை 12 வீதம், அதன் பிறகு 9 வீதம். மாற்றாவிட்டால் வருமான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும். இதற்குத் தெரிவு என்று பெயர் வைத்தார்கள். வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை அந்தப் பரிமாற்றத்தில் தொடவில்லை. வங்கிகள் ஆட்டம் கண்டால் நாடே ஆடும் என்று காரணம் சொன்னார்கள். சரி, அந்தக் காரணம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்த வாரம் முழுக்கத் தோட்டத் தொழிலாளியின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை பேச அந்த அறையில் யார் இருந்தார்கள்?

என் அம்மாவின் கணக்கைச் சொல்கிறேன். அவர் 2021 கடைசியில் வேலையிலிருந்து நின்றார். ஏழு பேர்ச் காணியில் பாதியில் நின்ற வீட்டுக்குக் கூரை போடவும் சமையலறை கட்டவும் சேமலாபக் காசைத்தான் நம்பியிருந்தார். மேசன் பாஸ் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்: இத்தனை மூட்டை சீமெந்து, இத்தனை தகரம், ஒரு டிரக்டர் மணல், கூலி. அம்மா அதை வங்கிப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார். படிவம், கையொப்பம், தோட்ட அலுவலகக் கடிதம் என்று அலைந்து காசு கைக்கு வந்தபோது 2022 நடுப்பகுதி. முந்தைய வருடம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய சீமெந்து மூட்டை மூவாயிரத்தை நெருங்கியிருந்தது. பாஸ் அதே துண்டை வாங்கிப் பழைய விலைகளை ஒவ்வொன்றாக வெட்டி, பக்கத்தில் புது விலை எழுதினார். எழுதிக்கொண்டு வரும்போதே அம்மா, "சரி தம்பி, குசினிய விட்டுருவோம்" என்றார். கூரை வந்தது. சமையலறைக்கு இன்றும் தறப்பாள்தான், பெருமழைக்கு அடுப்பு நனைகிறது.

அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. நிதி 2022க்கு அறிவித்த வட்டி 9 வீதம். அடுத்த வருடம் 13 வீதம் கொடுத்தீர்கள், நன்றி. அதற்குள் காசை எடுத்துவிட்ட என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. விலைவாசி ஏறியதற்கு நிதியின் முதலீட்டுக் குழு பொறுப்பல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முட்டை எல்லாவற்றையும் ஒரே கூடையில், அதுவும் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த அரசாங்கத்தின் கூடையில் வைத்தது யார்? அன்று கடன் வாங்கியவருக்கு முறி விற்றுக் கொடுத்ததும் நீங்கள், கடன் கொடுத்தவரின் காசுக்குக் காவலும் நீங்கள். சர்ச்சைக்குள்ளான 2015 பெப்ரவரி திறைசேரி முறி ஏலத்துக்குப் பிறகு ஜனாதிபதி ஆணைக்குழுவே போட்டு, அதில் சேமலாப நிதி முறிகள் வாங்கிய விதத்தையும் விசாரித்தார்கள். அந்த விசாரணைக்குப் பிறகாவது அங்கத்தவர்களைக் கூப்பிட்டு ஒரு நாற்காலி கொடுத்திருக்கலாம்.

இனி எதைச் சொல்ல, எதை விட? 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோதும் எங்களை யாரும் கேட்கவில்லை. சேமலாபப் பணத்தை மாதக்கணக்கில் கட்டாமல் வைத்திருக்கும் தோட்டங்கள் இருக்கின்றன, அவற்றைக் கேட்கவும் ஆளில்லை. இருநூறு வருடமாக இந்த மலைகளில் உழைத்து நாட்டுக்கு டொலர் கொண்டுவந்தவர்களுக்கு, தேயிலையின் விலை கொழும்பு ஏலத்தில் என்னவென்று தெரியாது, தங்கள் சேமிப்பு எந்த முறியில் இருக்கிறதென்று தெரியாது. தாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டுக் கூரையில் ஓட்டை எங்கே என்று மட்டும் நன்றாகத் தெரியும். மேடை ஏறுகிறவர்கள் எல்லாம் "நாட்டின் முதுகெலும்பு" என்கிறார்கள். முதுகெலும்பிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லைதானே.

மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கேட்பது ஊரில் உலகத்தில் இல்லாத ஒன்றல்ல. இந்தியாவில் தொழிலாளர் வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். மலேசிய சேமலாப நிதியின் சபையிலும் இருக்கிறார்கள். நோர்வேயின் அரச நிதியம் எந்தக் கம்பனியில் எவ்வளவு பங்கு வைத்திருக்கிறது என்பதை யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அந்த அளவுக்கு உடனே போகச் சொல்லவில்லை. சபையில் அங்கத்தவர்களுக்கு இடம் கொடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, எங்கே போட்டோம், ஏன் போட்டோம், எவ்வளவு கிடைத்தது என்று ஒரே பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் ஒட்டக்கூடிய மாதிரி ஒரு அறிக்கை தாருங்கள். பிரதிநிதி உள்ளே இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்பதால் முதலாவதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

தோட்டத் தொழிலாளிக்கு முறியும் வட்டியும் விளங்குமா என்று உங்களில் யாராவது நினைத்தால், சம்பள நாளில் ஒரு தடவை தோட்டத்துக்கு வந்து பாருங்கள். நிறுவையில் அரைக் கிலோ குறைந்தாலே கணக்கப்பிள்ளையிடம் நிற்க வைத்துக் கேட்கிறவர்கள் அவர்கள்.

இப்போதைய சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று பதில் வரக்கூடும். ஒரு சனிக்கிழமை பாராளுமன்றத்தைக் கூட்டி எங்கள் சேமிப்பை மாற்ற ஒப்புதல் வாங்க முடிந்தது. அதே வருடம் செப்டெம்பரில் வரிச் சட்டத்தையும் திருத்த முடிந்தது. இந்தத் திருத்தத்துக்கு அவ்வளவு அவசரம்கூட வேண்டாம், சாதாரண வேலை நாளொன்றில் செய்தாலே போதும். அதற்கான பரிந்துரையை நிதி அமைச்சுக்கும் தொழில் அமைச்சுக்கும் நீங்கள் அனுப்பிவைக்க வேண்டுமென்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஆசிரியர், சேமலாப நிதி அங்கத்தவர் ஒருவரின் பிள்ளை
ஹட்டன்