இருக்கை இருந்தும் உட்கார முடியாத கடைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையில் ஒரு ஜவுளிக் கடையின் சேலைப் பிரிவில் 27 ஆண்டுகள் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் பொறுப்பேற்ற காலத்தில், வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் ஊழியர் உட்காரக் கூடாது என்பதும், முதலாளி மாடியேறி வந்தால் பேச்சு அடங்கிவிட வேண்டும் என்பதுமே நிர்வாகத் திறமை என்று எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. எனக்குக் கீழிருந்த பெண்களிடம் நானும் அப்படியே கண்டிப்பு காட்டினேன். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையாமல், செருப்பைக் கையில் பிடித்தபடி இரவில் படியிறங்கிய ஒரு பெண்ணின் முகம் இன்றும் என்னை உறுத்துகிறது.

கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கின. ஆயினும், முக்காலி போட்டிருந்தும் மேற்பார்வையாளரின் பார்வைக்கு அஞ்சி எவரும் அதில் உட்காராத கடைகளை இப்போதும் காண்கிறேன்.

இன்றைய இளைஞர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்று என் வயதொத்தவர்கள் குறைப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வேலையைச் சொன்னால் அந்த இளைஞர்கள் காரணம் கேட்கிறார்கள். சொல்லிவிட்டால் எங்களைவிடச் சுணக்கமின்றிச் செய்கிறார்கள். தீபாவளிக் கூட்டத்தில் தானும் தரையில் அமர்ந்து சேலை மடித்துக் கொடுத்த ஓர் இளம் மேலாளருக்காக, அவர் கேட்காமலேயே ஊழியர்கள் கூடுதல் நேரம் இருந்ததை நான் நேரில் பார்த்தேன்.

தொழிலாளர் துறையினர் ஆய்வுக்கு வரும்போது, இருக்கைகளை எண்ணுவதோடு நில்லாமல், உட்கார விடுகிறார்களா என்பதை ஊழியர்களிடமே தனியாகக் கேட்டறிய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளிக் கடை சூப்பர்வைசர்,
மதுரை.